எட்டு வயதுச் சிறுமியும் நீதியின் ஆசனமும்

கற்பனையில் பிறந்த ஒரு குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாமா என்னும் வினா, முதற் பார்வைக்கு வீண் விளையாட்டாகத் தோன்றக்கூடும். புதினத்தில் உலவும் பாத்திரத்தை எந்தக் காவலரும் கைது செய்ய இயலாது. எந்த நீதிபதியும் அதற்குத் தண்டனை வழங்க இயலாது. ஆயினும், குற்றம் நிகழும் ஒரு கதையை வாசிக்கும்போது நாம் ஒவ்வொருவரும் நீதியின் ஆசனத்தில் அமர்ந்தே வாசிக்கிறோம். இவனுக்கு இது தகும், இவளுக்கு இது தகாது என்று ஏடு புரளும்தோறும் தீர்ப்பு அளித்துக்கொண்டே செல்கிறோம். எந்த அளவுகோலைக் கையில் கொண்டு அத்தீர்ப்பை அளித்தோம் என்று நம்மையே வினவச் செய்வது திறனாய்வின் கடமைகளுள் ஒன்று. அவ்வளவுகோல் நாளை நம் சபையிலும் பள்ளியிலும் உள்ள உயிருள்ள பிள்ளைகள்மீது வைக்கப்படும் என்பதனால், இவ்வாராய்ச்சி வெறும் இலக்கியப் பொழுதுபோக்கு ஆகாது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது, அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் மார்ச் எழுதி 1954 ஆம் ஆண்டு வெளிவந்த 'தி பேட் சீட்' என்னும் புதினம். 'கெட்ட விதை' என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். அலபாமா மாநிலத்து மொபீல் நகரில் 1893 இல் பிறந்த மார்ச், முதல் உலகப் போரில் கடற்படைக் காலாளாகப் போரிட்டு விருதுகள் பெற்றவர். அப்போரின் கொடுமையை 1933 இல் 'கம்பெனி கே' என்னும் நூலாக வடித்தவர். 'கெட்ட விதை' வெளிவந்து சில வாரங்களே ஆன நிலையில், 1954 மே மாதத்தில் அவர் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் மாக்ஸ்வெல் ஆண்டர்சன் அதனை நாடகமாக்கி நியூயார்க் நகரில் அரங்கேற்றினார். 1956 இல் மெர்வின் லெராய் அதனைத் திரைப்படமாக்கினார்.

கதையின் போக்கு

ரோடா பென்மார்க் எட்டு வயதுச் சிறுமி. ஒழுங்காக வாரிய தலை, மடிப்புக் கலையாத ஆடை, பெரியோரிடம் மாறாத பணிவு. கையெழுத்துப் போட்டியில் பதக்கம் தனக்கே உரியது என்று எண்ணியிருந்தவள், அது கிளாட் டெய்கில் என்னும் சிறுவனுக்குப் போனதைப் பொறுக்கவில்லை. பள்ளியின் சுற்றுலா நாளில் அச்சிறுவன் நீரில் மூழ்கி இறந்து கிடக்கிறான். அவன் உடலில் பிறை வடிவான காயங்கள். பின்னர் அப்பதக்கம் ரோடாவின் அறையில் தாய் கிறிஸ்டீனின் கையில் அகப்படுகிறது. முன்பு பால்டிமோர் நகரில், தனக்கு ஓர் அணியைத் தருவதாகச் சொல்லியிருந்த மூதாட்டி ஒருத்தி படிக்கட்டில் விழுந்து இறந்ததும் இவள் கைவேலையே என்று தெரியவருகிறது. உண்மையை ஊகித்து அவளைச் சீண்டிய வேலையாள் லீராய், அவள் மூட்டிய தீயில் வெந்து மாள்கிறான்.

இதற்கிடையில் கிறிஸ்டீன் தன் பிறப்பின் இரகசியத்தை அறிகிறாள். தன்னை வளர்த்தவர் பெற்ற தந்தை அல்லர் என்றும், தான் பெஸ்ஸி டெங்கர் என்னும் தொடர் கொலைகாரியின் மகள் என்றும் அவளுக்குத் தெரியவருகிறது. தீய விதை தன்னைத் தாண்டித் தன் மகளுக்குள் சென்று முளைத்தது என்று முடிவு செய்கிறாள். கணவன் கெனத்தோ தொலைவிலிருக்கிறான். அவனுக்குக் கடிதங்கள் எழுதி, அஞ்சலில் சேர்க்காமல் வைத்துவிடுகிறாள். இறுதியில் மகளுக்கு உறக்க மாத்திரைகளை மிகுதியாகக் கொடுத்துவிட்டுத் தன்னைத் தானே சுட்டுக்கொள்கிறாள். வெடியோசை கேட்டு ஓடிவந்த அயலார் குழந்தையைக் காப்பாற்றிவிடுகின்றனர். ரோடாவேனும் மிஞ்சினாளே என்று தந்தையைத் தேற்றுவதோடு கதை முடிகிறது.

சட்டத்தின் அளவுகோல்

ஆங்கிலப் பொதுச் சட்ட மரபு, பிள்ளைகளை வயதால் மூன்று வகுப்பாகப் பிரித்தது. ஏழு வயது நிரம்பாத குழந்தை குற்றம் புரிய இயலாதது. இதற்கு எதிராக எச்சான்றும் ஏற்கப்படாது. பதினான்கு நிரம்பியவர் பெரியவருக்கு ஒப்பானவர். இடைப்பட்ட பருவத்தினர் குற்றம் புரிய இயலாதவர் என்றே முதலில் கொள்ளப்படுவர். ஆனால் தீது இன்னதென்று தெரிந்தே செய்தனர் என்று மெய்ப்பித்தால் அக்கொள்கை உடையும். வஞ்சகம் வயதின் குறையை நிரப்பும் என்பது அக்கால நீதிபதிகள் வழங்கிய முதுமொழி. அமெரிக்க மாநிலங்கள் பலவும் இம்மரபையே பெற்றுக்கொண்டன. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இதே மூலத்திலிருந்து எழுந்து, இடைப்பருவத்தின் எல்லையைப் பன்னிரண்டு வயது என வகுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அவ்வெல்லைகளை மாற்றவில்லை.

இவ்வளவுகோலை ரோடாவின்மேல் வைத்துப் பார்ப்போமாயின், அரசு வழக்கறிஞரின் வேலை எளிதாகவே தோன்றும். அவள் திட்டமிடுகிறாள், ஆள் இல்லாத நேரம் பார்க்கிறாள், பதக்கத்தை ஒளிக்கிறாள், தடயமாகும் காலணிகளை எரிக்க முற்படுகிறாள், ஒரு பொய் தகர்ந்தால் மறுபொய்யை உடனே ஆயத்தம் செய்கிறாள். பிளாக்ஸ்டோன் என்னும் சட்ட அறிஞர் 1769 இல் வெளியிட்ட தம் நூலின் நான்காம் பாகத்தில், ஆபிங்டன் என்னும் ஊரில் இரு களஞ்சியங்களுக்குத் தீயிட்ட எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தூக்கிலிடப்பட்ட செய்தியைக் குறிப்பிடுகிறார். அவனிடம் பகையும் பழியுணர்வும் சூழ்ச்சியும் காணப்பட்டமையே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த நீதிமன்றத்தின் முன் ரோடா நின்றிருந்தால் அவளும் தப்பியிருக்கமாட்டாள். வயதும் ஒன்று, தீயும் ஒன்று.

ஆனால் சட்டம் அந்த நூற்றாண்டோடு நின்றுவிடவில்லை. 1899 இல் சிகாகோ நகர் அமைந்த இலினாய் மாநிலத்தின் குக் மாவட்டத்தில் முதல் சிறார் நீதிமன்றம் எழுந்தது. பிள்ளையைக் குற்றவாளியென நிறுத்தாமல், பராமரிப்புக்கு உரிய மகவாகவே அரசு அணுகவேண்டும் என்பது அதன் அடிப்படை. 1954 இல் வாழ்ந்த ரோடாவின் செயல் வெளிப்பட்டிருந்தால், பெரும்பாலும் அத்தகைய மன்றத்தின் முன்னே அவள் நின்றிருப்பாள். அந்த மன்றமோ, தாயின் மாத்திரைப் புட்டியோ நேரில் கதைக்குள் வருவது எது என்பதில்தான் இப்புதினத்தின் அறச்சிக்கல் அடங்கியிருக்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

அறிதல் என்பது யாது?

ரோடா ஒளித்தாள், ஆகவே தீதென்று அறிந்தாள் என்பது அரசு வழக்கறிஞரின் வாதம். இவ்வாதம் போதுமானதா? மண்பானையை உடைத்த குழந்தையும் ஓடுகளை ஒளிக்கிறது. சர்க்கரையைத் திருடிய குழந்தையும் வாயைத் துடைத்துக்கொள்கிறது. ஒளித்தல் என்பது, பெரியவர்கள் சினப்பார்கள் என்ற அறிவைக் காட்டுமேயன்றி, தான் செய்ததன் கனத்தை உணர்ந்த அறிவைக் காட்டாது. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1995 இல் ஒரு வழக்கில் இவ்வேறுபாட்டை வலியுறுத்தியது. வெறும் குறும்பு என்று தெரிந்திருந்தால் போதாது, பெருந்தீங்கு என்று அப்பிள்ளை அறிந்திருக்கவேண்டும். ஓடி ஒளிந்தது மட்டும் அதற்குச் சான்றாகாது என்பது அச்சபையின் நிலைப்பாடு. அப்பழைய பாதுகாப்பையே 1998 ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் பத்து வயதுக்கு மேற்பட்டோரைப் பொறுத்தவரை நீக்கிவிட்டது என்பதையும் உடன் கூறவேண்டும்.

மார்ச் படைத்த ரோடா இவ்விடத்தில் மிக நுட்பமாக அமைந்திருக்கிறாள். தாயிடம் உண்மையை ஒப்புக்கொள்ளும்போது அவள் நடுங்கவில்லை, அழவில்லை. கேட்டவுடன் பதக்கத்தைக் கொடுத்திருந்தால் அவனுக்கு ஒன்றும் நேர்ந்திராது, ஆகவே பிழை அவனுடையதே என்பது அவளுடைய கணக்கு. இறந்த சிறுவனின் தாய் துயரத்தால் நிலைகுலைந்து மதுவில் அமிழ்வதைக் கண்டும் அவள் உள்ளம் அசைவதில்லை. லீராய் சிறுவருக்கான மின்நாற்காலியைப்பற்றிப் பேசிப் பயமுறுத்தும்போதோ அவள் உண்மையாகவே அஞ்சுகிறாள். தண்டனை என்பது அவளுக்குத் தெரியும். இழப்பு என்பது தெரியாது. சட்டப் புத்தகத்தின் விடைகளை மனப்பாடம் செய்து, வினா ஏன் எழுந்தது என்று அறியாத மாணவனுக்கு அவளை ஒப்பிடலாம்.

மனநூலார் இத்தகைய இயல்பைப்பற்றிப் பலவாறு எழுதியுள்ளனர். ஹெர்வி கிளெக்லி என்னும் அமெரிக்க மருத்துவர் 1941 இல் வெளியிட்ட நூலில், அறிவும் பேச்சும் சீராக இருந்தும் உணர்வின் வேர் வறண்டு போனவர்களை விரித்துரைத்தார். ஆயினும், முதிர்ந்த மனிதரைக் குறித்து எழுதியதை எட்டு வயதுக் குழந்தைமேல் அப்படியே ஒட்டிவிடுவது அறிவுடைமை ஆகாது. குழந்தையின் உள்ளம் வளரும் பயிர். முளைவிடாத இடத்தைப் பாலைநிலம் என்று அறுதியிட இன்னும் பருவம் வரவில்லை.

திருமறையும் இவ்வறிதலை அளவிட்டே பேசுகிறது. நன்மை தீமை அறியாத பிள்ளைகளைக் குறித்து உபாகமம் 1:39 கூறுவதையும், ஏசாயா 7:16 ஒரு பிள்ளை தீமையை வெறுத்து நன்மையைத் தெரிந்துகொள்ளும் பருவத்தைக் காலக்கணக்காகக் கொள்வதையும், வலது இடது அறியாத திரளான மாந்தரை எண்ணித் தேவன் நினிவேக்கு இரங்கியதாக யோனா 4:11 கூறுவதையும் நாம் அறிவோம். அறியாமை உள்ள இடத்தில் தீமையே இல்லை என்று இவ்வசனங்கள் கூறவில்லை. அங்குத் தீர்ப்பு தன் கையை நிதானிக்கவேண்டும் என்றே உணர்த்துகின்றன.

விதை என்னும் கொள்கை

இனி, புதினத்தின் தலைப்பே முன்வைக்கும் கொள்கையை ஆராய்வோம். ரோடா கெட்டவள், ஏனெனில் பாட்டி கெட்டவள். அன்பான இல்லம், நல்ல பள்ளி, வறுமையற்ற வாழ்வு ஆகிய எதுவும் இரத்தத்தை வெல்லவில்லை. மூன்றாம் தலைமுறையில் பாவம் விசாரிக்கப்படுகிறது என்று யாத்திராகமம் 20:5 ஐ எழுத்தின்படியே கதையாக்கியதுபோல் இப்புதினம் அமைந்திருக்கிறது.

இங்கேதான் நூலின் பெருங்குறை வெளிப்படுகிறது. ரோடாவின் கொலைகள் விதையின் விளைவாயின், அவள் வேறுவிதமாய் நடக்க வழியே இல்லை; வழியே இல்லாதவள்மேல் குற்றம் சாட்டுவது வேப்பமரத்தைக் கசப்புக்காக வெட்டுவதற்கு ஒப்பாகும். அவள் தெரிந்து தெரிவு செய்தாளாயின், பெஸ்ஸி டெங்கரின் வரலாறு கதைக்குத் தேவையே இல்லை. ஆசிரியரோ இரண்டையும் விரும்புகிறார். விதியின் தவிர்க்கவியலாமை தரும் திகிலும் வேண்டும். வஞ்சகச் சிறுமிமேல் நாம் கொள்ளும் சினமும் வேண்டும். சினத்தையும் விதியையும் ஒரே பாத்திரத்தில் வார்த்தமையால் வாசகரின் நீதியுணர்வு குழம்புகிறது; அக்குழப்பத்தையே அச்சம் என்று நாம் தவறாக எண்ணிக்கொள்கிறோம்.

மேலும், கிறிஸ்டீன் என்னும் பாத்திரமே இக்கொள்கைக்கு மறுப்பாக நிற்கிறாள். விதை உண்மையாயின் அது முதலில் அவளுக்குள் அல்லவா இருக்கவேண்டும்? பெஸ்ஸியின் வயிற்றில் பிறந்த அவள் மென்மையும் மனச்சாட்சியும் உடைய பெண்ணாக வளர்ந்தாள். ஒரு தலைமுறையைத் தாண்டி இறங்கியது என்று கதைமாந்தர் சமாதானம் கூறுகின்றனர். நினைத்த இடத்தில் முளைத்து, நினையாத இடத்தில் உறங்கும் விதை எதையும் விளக்கிவிடவில்லை; நடந்து முடிந்ததற்குப் பின்னால் ஒட்டிய பெயர்ச்சீட்டு அது.

ஆதிப் பாவக் கொள்கையைத்தான் இப்புதினம் கூறுகிறது என்று எண்ணுவோர் உண்டு. இது மேற்போக்கான ஒப்புமை. ஆதிப் பாவம் என்பது மாந்தர் அனைவரையும் ஒரே நுகத்தின்கீழ் நிறுத்தும் போதனை. கெட்ட விதைக் கொள்கையோ தீமையை ஒரு குடும்பத்தின் நாளங்களுக்குள் அடைத்துவிட்டு, ஏனைய நம்மைத் தூயவர் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. முன்னது பரிசேயனின் வாயை அடைக்கிறது. பின்னது அவனுக்கு மேடை போட்டுத் தருகிறது. பிதாக்கள் தின்ற திராட்சைக்காய்களால் பிள்ளைகளின் பற்கள் கூசின என்னும் பழமொழியை எசேக்கியேல் தீர்க்கர் பதினெட்டாம் அதிகாரத்தில் கண்டித்தது, இத்தகைய குலப்பழியை முறிப்பதற்கே.

அகஸ்தீன் தம் 'அறிக்கை' நூலின் முதற் புத்தகத்தில், மார்பருகே மற்றொரு குழந்தையைக் கண்டு பொறாமையால் முகம் வெளிறிய கைக்குழந்தையைப்பற்றிக் கூறுவதை மாணவர்கள் அறிவர். குழந்தையின் களங்கமின்மையை அவர் எளிதில் நம்பியவர் அல்லர். ஆனால் அதே இடத்தில், கண்டிப்பைப் புரிந்துகொள்ளாத பருவத்தினரைக் கண்டிப்பது வழக்கமும் அன்று, அறிவும் அன்று என்ற பொருள்படவும் அவர் எழுதுகிறார். பாவம் உண்டு என்பது வேறு, பழி சாட்டத் தகும் என்பது வேறு என்னும் இவ்வேறுபாடு, பலர் அகஸ்தீனைப் படித்தும் கவனியாது விடுவதாகும். ரோடாவின் வழக்கில் நமக்குத் தேவைப்படும் திறவுகோலும் இதுவே.

மாத்திரையும் மின்னலும்

புதினத்திலும் நாடகத்திலும் குழந்தை பிழைக்கிறது, தாய் மடிகிறாள். திரைப்படத்தில் இம்முடிவு தலைகீழாயிற்று. குற்றம் வெற்றிபெறுவதாகக் காட்டலாகாது என்பது அக்கால அமெரிக்கத் திரையுலகின் ஒழுக்க விதி. ஆதலால் தாய் பிழைத்துக்கொள்கிறாள். நீரில் எறியப்பட்ட பதக்கத்தைத் தேடி இரவின் புயலில் படகுத்துறைக்குச் செல்லும் ரோடாவை மின்னல் தாக்கிக் கொல்கிறது. அது போதாதென்று, படம் முடிந்தபின் நடிகர்கள் தோன்றும் காட்சியில், தாயாக நடித்த நான்சி கெல்லி, மகளாக நடித்த பேட்டி மெக்கார்மக்கை மடியில் கிடத்தி அடிப்பதும் சேர்க்கப்பட்டது. வானத்தின் தண்டனையும் வீட்டின் தண்டனையும் அடுத்தடுத்து நிகழ, பார்வையாளர் நிம்மதியோடு வீடு திரும்பலாயினர்.

இம்மின்னலை இறைநீதி என்று ஏற்போமாயின் பெரும்பிழை செய்வோம். சமாரியக் கிராமத்தின்மேல் வானத்து அக்கினியை அழைக்க விரும்பிய யாக்கோபையும் யோவானையும் ஆண்டவர் கடிந்துகொண்டதை லூக்கா 9:55 இல் காண்கிறோம். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டோர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று அவர் தெளிவாக்கியதையும் லூக்கா 13 இல் வாசிக்கிறோம். எட்டு வயதுக் குழந்தையைப் பொறுப்பேற்கச் செய்வதா விடுவதா என்னும் கடினமான வினாவிலிருந்து மனிதரை விடுவிக்கவே அம்மின்னல் அழைக்கப்பட்டது. தீர்ப்பளிக்க அஞ்சிய நீதிபதிகள் வானத்தைக் கொலைஞனாக அமர்த்திக்கொண்டனர்.

புதினத்தின் முடிவோ இதனினும் நேர்மையானது, அதனாலேயே இன்னும் வேதனை தருவது. அங்குத் தாயே காவலர், நீதிபதி, கொலைஞர் ஆகிய மூன்று பணிகளையும் இரகசியமாக ஏற்கிறாள். குழந்தைக்குக் குற்றச்சாட்டு அறிவிக்கப்படவில்லை; அவளுக்காகப் பேச ஒருவரும் இல்லை; மருத்துவர் எவரும் அவளை ஆராயவில்லை. குற்றவியல் சட்டத்தைக் கடுமையானது என்று கூறும் நாம் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணவேண்டும். சட்டம், தன் கொடிய வடிவத்திலும், வெளிச்சத்தில் விசாரிக்கிறது. மறுமொழி கூற இடம் தருகிறது. ரோடாவுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

நாம் இரக்கத்தோடு வாசிக்கும் இத்தாயின் செயல்களையும் அதே அளவுகோலால் அளப்பது நியாயம். உண்மை தெரிந்தபின் அவள் மௌனம் காக்கிறாள். நாடகத்திலும் திரைப்படத்திலும் அக்காலணிகளை எரித்துவிடும்படி அவளே மகளிடம் கூறுகிறாள். அந்த மௌனத்தின் நாட்களில் லீராய் உயிரோடு எரிகிறான். இறுதியில் உறங்கும் குழந்தையைக் கொல்ல முயல்கிறாள். முதிர்ந்த அறிவும், செய்வது இன்னதென்ற உணர்வும், வேறு வழிகளும் இருந்தும் இவற்றைச் செய்த ஒரே பாத்திரம் அவளே. சட்டத்தின் நுண்ணிய தராசில் வைத்தால், இக்கதையில் குற்றப் பொறுப்பு ஐயமின்றி நிற்பது தாயிடத்தில். மகளிடத்தில் அது ஐயத்துக்கு உரியதாகவே நிற்கிறது. ரோடாவைச் சேர்க்க மறுத்து, காரணத்தை வெளிப்படச் சொல்லாது ஒதுக்கிய பள்ளித் தலைமையாசிரியையும் இம்மௌனத்தில் பங்குடையவரே.

மின்நாற்காலி யாருக்கு?

லீராய் ரோடாவை அச்சுறுத்தும்போது, சிறுவருக்கு நீல நிறத்திலும் சிறுமியருக்கு இளஞ்சிவப்பு நிறத்திலும் சிறிய மின்நாற்காலிகள் உண்டு என்று கதை கட்டுகிறான். வாசகர் இதனைக் கொடூரமான வேடிக்கையாகக் கடந்துவிடுவர். ஆனால் இந்நூல் வெளிவருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1944 ஜூன் 16 அன்று, தென் கரோலினா மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்டின்னி என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் உண்மையாகவே மின்நாற்காலியில் கொல்லப்பட்டான். வெள்ளையினச் சிறுமியர் இருவரைக் கொன்றதாக அவன்மேல் குற்றம் சாட்டப்பட்டது. விசாரணை ஒரே நாளில் முடிந்தது. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு பத்து நிமிட அளவில் முடிவு கூறியது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், அவனுக்கு முறையான விசாரணை கிடைக்கவில்லை என்று கூறி நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.

இவ்விரு பிள்ளைகளையும் அருகருகே நிறுத்திப் பார்க்கவேண்டும். ரோடா குற்றம் புரிந்தவள் என்று வாசகர் ஒவ்வொருவருக்கும் தெரியும். கதைக்குள்ளோ வெள்ளைத் தோலும் நல்ல குடும்பமும் இனிய முறுவலும் அவளை ஐயத்துக்கு அப்பால் வைக்கின்றன. அவளைக் கண்டுகொண்ட ஒரே மனிதனாகிய லீராய் ஏழை வேலையாள். அவன் சொல் அம்பலம் ஏறாது. ஸ்டின்னிக்கோ ஐயத்தின் பயன்கூட மறுக்கப்பட்டது. பிள்ளைகளின் குற்றப் பொறுப்பு என்று பேசத் தொடங்கும்போதே, அப்பொறுப்பு யார் வீட்டுப் பிள்ளைமேல் எளிதில் விழுகிறது என்றும் வினவியாக வேண்டும். பதினெட்டு வயதுக்கு முன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005 இல்தான் தீர்ப்பளித்தது.

நாம் கூறும் தீர்ப்பு

ஆகவே ரோடா பென்மார்க் குற்றவியல் பொறுப்புக்கு உட்பட்டவளா? உட்பட்டவள் அல்லள் என்பதே நம் முடிவு. தண்டனையை அஞ்சத் தெரிந்து, பிறர் இழப்பை உணரத் தெரியாத எட்டு வயதுக் குழந்தையை, சட்டம் கோரும் முழுப் பொருளில் தீதறிந்தவள் என்று கூற இயலாது. 1993 இல் இங்கிலாந்தில் ஒரு சிறு குழந்தையைக் கொன்ற பத்து வயதினர் இருவர், பெரியவருக்கான மன்றத்தின் சடங்குகளுக்கு நடுவே நிறுத்தப்பட்டனர். நடப்பதைப் புரிந்து பங்குகொள்ள இயலாத அவர்களுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999 இல் முடிவு செய்தது. குறைந்த அளவு பதினான்கு வயதேனும் குற்றப் பொறுப்பின் தொடக்கமாக இருக்கவேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைக் குழு 2019 இல் நாடுகளை ஊக்குவித்தது. ரோடா அந்த எல்லைக்கு வெகு தொலைவில் நிற்கிறாள்.

ஆனால் இம்முடிவைக் கேட்டு, அப்படியாயின் அவள் வீட்டுக்குப் போகலாமா என்று வினவுவோருக்கும் விடை கூறவேண்டும். மூன்று உயிர்கள் போயின. நான்காவதைக் காக்கும் கடமை சமுதாயத்துக்கு உண்டு. மேலும், தன் மகன் எவ்வாறு இறந்தான் என்று அறியத் துடித்து வாசல்தோறும் வரும் டெய்கில் அம்மையாருக்கு உண்மையைப் பெறும் உரிமை உண்டு. குழந்தையின் இளமையைக் காட்டி அவ்வுரிமையைப் புதைக்க இயலாது. ஆகவே விசாரணை வேண்டும்; உண்மை பெயர் சொல்லி உரைக்கப்படவேண்டும்; குழந்தை பிறருக்குத் தீங்கு செய்யாதபடி காக்கப்படவேண்டும். இம்மூன்றுக்கும் குற்றவாளி என்னும் முத்திரை தேவையில்லை. அதேவேளையில், இரக்கம் என்னும் பெயரால் வரம்பின்றி அடைத்துவைப்பதும் தகாது. அரிசோனாச் சிறுவன் ஒருவனின் வழக்கில் 1967 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிறார் மன்றத்திலும் குற்றச்சாட்டை அறியும் உரிமையும் வழக்கறிஞரின் துணையும் பிள்ளைக்கு உண்டு என்று நிலைநாட்டியது, பரிவும் முறைமை தவறினால் கொடுமையாகும் என்று கண்டதனாலேயே.

திருமறையின் முதற் கொலை வழக்கு இதற்கு ஒளி தருகிறது. காயீனைத் தேவன் வினவுகிறார். மறைத்தவனிடம் மீண்டும் வினவுகிறார். ஆபேலின் இரத்தம் மறக்கப்படவில்லை. அது பூமியிலிருந்து முறையிடுவதை அவர் கேட்கிறார். காயீன் நிலத்தினின்று அகற்றப்படுகிறான். ஆயினும் அவனைக் கண்டவர் கொல்லாதபடி அவன்மேல் ஓர் அடையாளமும் இடப்படுகிறது. வினவுதல், இறந்தவனின் குரலைக் கேட்டல், விலக்கி வைத்தல், உயிரைக் காத்தல் என்னும் நான்கும் ஒரே நீதியின் உறுப்புகள். காயீன் வயதுவந்தவன், அவனுக்கே இவ்வளவு காப்பு உண்டெனில், எட்டு வயதுச் சிறுமிக்கு அது குறையலாமோ?

மார்ச்சின் புதினம் ஆற்றல் மிக்கது. குழந்தைமையைப் பற்றிய நம் இனிப்பான பொய்களை அது உடைத்தெறிகிறது. அதற்காக அதனைப் போற்றலாம். ஆனால் அது விட்டுச்செல்லும் 'விதை' என்னும் சொல்லை நாம் ஏற்கவேண்டியதில்லை. சிறைக்குச் சென்றவனின் மகன், ஊர் தூற்றும் தாயின் மகள் என்று பிள்ளைகளைக் குடும்பப் பெயரால் முன்கூட்டியே தீர்த்துவிடும் வழக்கம் சபை மக்களிடையிலும் உண்டு. ஓய்வுநாள் பள்ளியில் பென்சில் காணாமற்போனால் எந்தப் பிள்ளையின் பை முதலில் சோதிக்கப்படுகிறது என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் எண்ணிப் பார்க்கட்டும். அப்பையைத் திறக்க நீளும் கை, பெஸ்ஸி டெங்கரின் பேத்தி என்று ரோடாவை எழுதித் தீர்த்த அதே கை. பிள்ளை செய்ததை நேரே கேட்பதும், அதன் பதிலைப் பொறுமையோடு கேட்டிருப்பதும் ஆயர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரிய கடமை. கிறிஸ்டீன் செய்யத் துணியாது விட்டது அந்த ஒன்றே.